ஏற்காடு மலையடிவாரத்து ஒலிக்கூடம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்கு முன்பாக ஒரு நுழைவாயில் வளைவு நிற்கிறது. அதன் நெற்றியில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயர். சுற்றுலா வருவோர் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, 20 கொண்டைஊசி வளைவுகளையும் கடந்து சேர்வராயன் மலைக்கு மேலே போய்விடுகிறார்கள். வளைவுக்குப் பின்னால் இப்போது படப்பிடிப்புத் தளம் இல்லை, ஒலிப்பதிவுக்கூடம் இல்லை, படச்சுருள் கழுவும் ஆய்வகமும் இல்லை. ஒரு காலத்தில் இவை அனைத்தும் ஒரே மதிலுக்குள் இருந்தன. அவற்றை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம். திரையுலகம் அவரை டி.ஆர். சுந்தரம் என்று அறியும்.

அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவருடைய வாழ்க்கையை இப்போது நினைவுகூர ஒரு காரணம் இருக்கிறது. இன்று ஒரு பாடலைப் பதிவு செய்ய ஸ்டுடியோவே தேவையில்லை. ஒரு மடிக்கணினி, ஒலியை எண்களாக மாற்றித் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி, ஓர் ஒலிவாங்கி, ஒரு மென்பொருள் ஆகியவை இருந்தால் ஏற்காட்டில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையே ஒலிக்கூடமாகிவிடும். பழைய ஸ்டுடியோக்களில் சுவர் முழுவதும் அடுக்கியிருந்த கருவிகளின் வேலையை அந்த மென்பொருளே செய்துவிடுகிறது. ஆனாலும் இசைக்கலைஞர்களிலும் ஒலிப்பதிவாளர்களிலும் ஒரு சாரார், கணினிக்கு வெளியே வைக்கும் அனலாக் கருவிகளைப் பெரும்பணம் கொடுத்து வாங்குகின்றனர். வெற்றிடக் குழாய் பொருத்திய ப்ரீஆம்ப், கம்ப்ரசர், ஈக்வலைசர், சிலரிடம் பழைய காந்த நாடா இயந்திரமும்கூட. கணினியில் இருக்கும் குரலை வெளியே அனுப்பி, இந்தப் பெட்டிகளின் வழியே ஓடவிட்டு, மீண்டும் கணினிக்குள் பதிந்துகொள்கிறார்கள். ஒலியில் ஒரு வெதுவெதுப்பு கிடைக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

அதில் உண்மை உண்டு. குழாய்களும் மின்மாற்றிகளும் மூல ஒலியோடு அதன் மடங்குச் சுரங்களைச் சிறிதளவு சேர்த்துவிடுகின்றன. காதுக்கு அது இனிமையாகப் படுகிறது. ஆயினும் பொருளியல் படித்தவன் கண்ணுக்கு வேறொரு காரணமும் தெரிகிறது. மென்பொருளில் ஒரு கம்ப்ரசரை நாற்பது தடங்களிலும் ஒரே நேரத்தில் செலவின்றி வைக்கலாம், வேண்டாமென்றால் நீக்கிவிடலாம். கையில் இருக்கும் உண்மையான கம்ப்ரசரோ ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு தடத்துக்கே அது உதவும். நான்கு நிமிடப் பாட்டு அதன் வழியே ஓட நான்கு நிமிடம் ஆகும். குமிழ்களை எங்கே வைத்தோம் என்று தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தக் குரலுக்கு அதைப் பயன்படுத்துவது, எவ்வளவு, எப்போது என்பதைப் பதிவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே அவர்கள் விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். சுந்தரம் வாழ்ந்த காலத்தில் இந்தக் கட்டுப்பாடு தானாகவே இருந்தது. அதைச் சுற்றி அவர் ஒரு தொழிற்சாலையையே கட்டினார்.

1907 ஜூலை 16 அன்று பிறந்தார். வசதியான செங்குந்தர் குடும்பம். நூலும் துணியும் குடும்பத் தொழில். அந்தத் தொழிலை முறையாகக் கற்றுவரவே அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினர். லீட்ஸ் நகரில் துணித் தொழில்நுட்பம் படித்தார். அங்கேயே கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்து, 1930களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். கொங்கு நாட்டுத் துணி வணிகக் குடும்பத்தில் அந்நாளில் அது எளிதில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கக்கூடிய திருமணம் அல்ல.

அவருடைய படிப்பைப் பற்றி எழுதுவோர் அதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. துணி ஆலை என்பது பஞ்சு ஒரு வாசலில் நுழைந்து துணி மறு வாசலில் வெளியேறும் இடம். இடையிலுள்ள ஒவ்வொரு இயந்திரமும் அடுத்த இயந்திரத்துக்குத் தீனி போட வேண்டும். ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். நின்ற இயந்திரத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். சினிமாவைக் கலையாகவோ சூதாட்டமாகவோ பார்த்த பலர் அந்தக் காலத்தில் இருந்தனர். ஆலையாகப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

சேலத்தில் எஸ்.எஸ். வேலாயுதம் பிள்ளை என்பவர் நடத்திய ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்ததே சுந்தரத்தின் திரையுலக நுழைவு. 1934இல் ‘திரௌபதி வஸ்திராபஹரணம்’, அடுத்த ஆண்டு ‘துருவா’, ‘நல்லதங்காள்’. தமிழில் பேசும் படம் தோன்றி மூன்று, நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. தமிழ்ப் படம் எடுக்க விரும்பியவர்கள் நடிகர்கள், பின்வாத்தியக்காரர்கள், ஒப்பனைக்காரர், சமையற்காரர் எல்லோரையும் ரயிலேற்றிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ அழைத்துச் சென்ற காலம் அது. சுந்தரமும் கல்கத்தாவுக்குப் போய்வந்தார். அங்கே ஸ்டுடியோவின் நாள் வாடகை ஒரு பக்கம் ஓடும். ஐம்பது பேரின் சாப்பாட்டுச் செலவு மறுபக்கம். பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டாலும் வாடகை நிற்காது.

அடுத்தவர் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்கி நிறுவுவதா என்ற கேள்வி இங்கே எழுகிறது. வேலையைச் சந்தையில் வாங்காமல் ஒரு நிறுவனம் தன் மதிலுக்குள்ளேயே ஏன் செய்துகொள்கிறது என்பதை விளக்கிய ரொனால்ட் கோஸின் புகழ்பெற்ற கட்டுரை 1937இல் லண்டனில் வெளிவந்தது. அதே 1937இல் ‘சதி அகல்யா’ வெளிவந்தது. சேலத்தில் தாம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் பெயரில் சுந்தரம் தந்த முதல் படம் அது. கோஸைச் சுந்தரம் படித்திருக்க வாய்ப்பில்லை. படிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

இடத்தேர்வும் சிந்திக்கத்தக்கது. சென்னையில் இருந்து மேற்கே கேரளத்துக்குச் செல்லும் ரயில் பாதையில் சேலம் ஒரு சந்திப்பு. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டு, 1937இல் அங்கே நீர்மின் உற்பத்தி தொடங்கியது. ஏற்காடு சாலை ஊரின் சந்தடிக்கு வெளியே இருந்தது. ஒலிவாங்கிக்கு முதல் எதிரி சந்தடிதான். காடு, பாறை, மேகம், பள்ளத்தாக்கு வேண்டுமென்றால் சாலையின் மறுமுனையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் சேர்வராயன் மலையே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து நட்ட மலை அது. காலையில் மலையில் வெளிப்புறக் காட்சியை முடித்துவிட்டு, அன்றே கீழே இறங்கித் தளத்தில் வேலை செய்யலாம். கோடம்பாக்கத்தின் எந்த முதலாளிக்கும் இந்த வசதி வாய்க்கவில்லை.

அந்தக் கூடங்களில் ஒலி எப்படிப் பதிவானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று வெளிக்கருவி என்று நாம் தனியாகப் பெயரிட்டு வாங்குவது எதுவோ, அதைத் தவிர வேறெதுவும் அன்று கிடையாது. ஒலிவாங்கியில் எழும் மெல்லிய மின்னோட்டம் வெற்றிடக் குழாய்ப் பெருக்கியில் வலுப்பெறும். கலப்பு மேசையில் ஒலிப்பதிவாளர் கையால் ஏற்றி இறக்குவார். பிறகு அது ஒலிக் கேமராவுக்குப் போகும். அங்கே மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒளிக்கீற்றின் ஏற்ற இறக்கமாக மாறி, ஓடும் படச்சுருளில் ஓரமாகக் கோடு வரையும். அதுதான் பதிவு. உடனே போட்டுக் கேட்க முடியாது. சுருளை ஆய்வகத்தில் கழுவி, உலர்த்தி, பிரதி எடுத்த பின்னரே பாடகர் சுரம் தப்பினாரா இல்லையா என்பது தெரியும். தப்பியிருந்தால் அழித்து அதே சுருளில் மீண்டும் பதிய வழியில்லை.

கணக்குப் போட்டால் இதன் கடுமை விளங்கும். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். நான்கு நிமிடப் பாட்டுக்கு 360 அடி. மூன்று முறை பாடினால் 1,080 அடி. படச்சுருள் முழுவதும் வெளிநாட்டு இறக்குமதி. ஆரம்பகாலப் பேசும் படங்களில் நடிகரே கேமராவுக்கு முன் நின்று பாட, பின்வாத்தியக்காரர்கள் காட்சிச் சட்டத்துக்கு வெளியே, தேவைப்பட்டால் புதருக்குப் பின்னால் ஒளிந்து வாசிக்க, படமும் பாட்டும் ஒரே நேரத்தில் பதிவாயின. யாரோ ஒருவர் இருமினால் 360 அடி போயிற்று. எனவே ஒத்திகை என்பது அங்கே பணத்தைக் காக்கும் வேலை. கேமரா ஓடத் தொடங்குவதற்குள் எல்லா முடிவுகளும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இன்றைய வீட்டு ஒலிக்கூடத்தாருக்கு வேறு விதமான தொல்லை. கணினியிலிருந்து வெளியே போன ஒலி, அனலாக் பெட்டியைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது சில மில்லி விநாடிகள் பிந்திவிடுகிறது. மூல ஒலியோடு அதைக் கலந்தால் சில அலைகள் ஒன்றையொன்று விழுங்கி, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் பொள்ளலாகிவிடும். நல்ல மென்பொருள்கள் ஒரு சிறு துடிப்பை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளந்து, அந்த அளவுக்குத் தடத்தை முன்னே நகர்த்தி ஈடுசெய்கின்றன. இதைப் புதிய சிக்கல் என்று நினைப்பவர்கள் பழைய திரைப்படப் பிரதியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். படம்காட்டும் கருவியில் ஒலி படிக்கும் இடம் படம் விழும் இடத்துக்குக் கீழே இருப்பதால், ஒவ்வொரு பிரதியிலும் ஒலிக்கோடு தனக்குரிய படத்தைவிட ஏறத்தாழ 20 சட்டங்கள் முன்தள்ளியே அச்சிடப்பட்டது. மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற கூடங்களில் ஆய்வகத்தார் இந்த ஈட்டை அன்றாட வேலையாகச் செய்துவந்தார்கள்.

சொந்தக் கூடம் கைக்கு வந்தவுடன் சுந்தரம் செய்த காரியம், அதை ஒருபோதும் சும்மா இருக்கவிடாமல் பார்த்துக்கொண்டது. தமிழ்ப் படங்கள் மட்டும் இயந்திரங்களுக்குப் போதிய தீனியாகா என்று கண்டதும் வேறு மொழிகளுக்குக் கதவைத் திறந்தார். 1938 ஜனவரியில் வெளிவந்த ‘பாலன்’ மலையாளத்தின் முதல் பேசும் படம். எஸ். நொட்டானி இயக்க, கே.கே. அரூர் நடித்த அந்தப் படம் உருவான இடம் சேலம். மலையாள சினிமாவின் குரல் முதன்முதலில் கேட்டது சேர்வராயன் அடிவாரத்தில்தான் என்பதைக் கேரளத்தார் மறக்கவில்லை. நாம்தான் அவ்வளவாக நினைப்பதில்லை. பின்னாளில் தெலுங்கு, கன்னடம், சிங்களம், இந்தி, ஆங்கிலம் என்று அந்த வாசலுக்குள் பல மொழிகள் வந்துபோயின. 1952இல் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படத்தில் ராட் கேமரன், சீசர் ரொமெரோ போன்ற ஹாலிவுட் நடிகர்கள் நடித்தனர்.

1940இல் ‘உத்தமபுத்திரன்’. பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த அந்தப் படம் இரும்பு முகமூடி மனிதனைப் பற்றிய பிரெஞ்சுக் கதையின் தழுவல். கடன் வாங்கிய கதை என்று அதை இன்று குறைசொல்வோர் உண்டு. எனக்கும் சுந்தரத்தின் கதைத் தேர்வில் பெரிய மதிப்பில்லை. ஆனால் ஒரே நடிகரை ஒரே சட்டத்தில் இருவராகக் காட்ட, ஒரே சுருளை இருமுறை கேமராவுக்குள் செலுத்தித் துல்லியமாகப் பொருத்தும் தொழில்திறன் வேண்டும். அதை அவர் தம் கூடத்திலேயே வளர்த்துக்கொண்டார். 1942இல் சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை ‘மனோன்மணி’ என்ற பெயரில் பெரும் பொருட்செலவில் தாமே இயக்கினார். பிற்காலத்தில் திரையிசைத் திலகம் என்று புகழ்பெற்ற கே.வி. மகாதேவன் இசைத்துறையில் தொடங்கிய படம் இது, டி.ஏ. கல்யாணத்தோடு சேர்ந்து பணிபுரிந்தார்.

அந்த ஆண்டுகளில் போர் வந்து படச்சுருளின் வரத்தை நெரித்தது. எந்தப் படமும் 11,000 அடிக்கு மேற்படக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது. அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேல். மூன்று மணி நேரத்தையும் தாண்டி ஐம்பது பாட்டுகளோடு ஓடிக்கொண்டிருந்த தமிழ்ப் படத்துக்கு அது பெரும் அறுவைச் சிகிச்சை. போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்கவும் அரசு வற்புறுத்தியது. சுந்தரம் 1945இல் ‘பர்மா ராணி’யை இயக்கி, அதில் ஜப்பானியத் தளபதியாக நடித்தும் விட்டார். பாட்டு குறைந்து கதை வேகம்பெற்ற படங்கள் பின்னாளில் அவருடைய கூடத்தின் அடையாளமாயின. 1947இல் வெளிவந்து பெருவெற்றி பெற்ற ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’யை அதற்குச் சான்றாகச் சொல்லலாம்.

போருக்குப் பிந்தைய பத்து ஆண்டுகளே மாடர்ன் தியேட்டர்ஸின் பொற்காலம். அதற்குள் பின்னணிப் பாட்டு முறை வேரூன்றிவிட்டது. பாட்டைத் தனியே கூடத்தில் பதிந்து, பின்னர் அதை ஒலிக்கவிட்டு நடிகரை வாயசைக்க வைத்தனர். ஒலி படப்பிடிப்பிலிருந்து விடுதலை பெற்றது. பாடத் தெரியாத நடிகருக்கும் வழி பிறந்தது. ஜி. ராமநாதனின் இசை இந்தக் கூடத்தில் பெற்ற வளம் தனிக் கட்டுரைக்கு உரியது. 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’யில் மலையுச்சிக்கு அழைத்துச்செல்லும் காட்சிக்காகத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டைத் தமிழர் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. குரல்கள் இரண்டும் எவ்வளவு அருகில் இருக்கின்றன, வாத்தியங்கள் எவ்வளவு தள்ளி ஒதுங்கி நிற்கின்றன என்று இப்போது கேட்டுப் பாருங்கள். அந்தத் தொலைவு, ஒலிவாங்கிக்கு முன் மனிதர்களை எங்கே நிற்க வைப்பது என்ற முடிவிலிருந்து பிறந்தது. பதிந்த பிறகு மாற்றிக்கொள்ளும் வசதி இருந்திருந்தால் அதில் அவ்வளவு உறுதி இருந்திருக்குமா என்பது என் ஐயம். டி.எம். சௌந்தரராஜன் தம் தொடக்கக் காலத்தில் பாடிய பாட்டு ஒன்றும் அந்தப் படத்தில் உண்டு.

அந்தப் படத்தை எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கத் தொடங்கினார். அவர் தாயகம் திரும்பியபோது மீதியைச் சுந்தரம் முடித்தார். வசனம் எழுதியவர் மு. கருணாநிதி, நாயகன் எம்.ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சர்களான இருவர் ஒரே படத்தில் பணியாற்றினர். பாரதிதாசனின் காவியம் ‘பொன்முடி’யாகத் திரைக்கு வந்ததும் இங்கேதான். கண்ணதாசன் இந்த நிறுவனம் நடத்திய ‘சண்டமாருதம்’ இதழின் ஆசிரியராக இருந்தார். எழுத்தாளர், இசையமைப்பாளர், நடிகர், தச்சர், ஒளிப்பதிவாளர் என்று பலரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்துவது சுந்தரத்தின் முறை. நேரத்துக்கு வேலை, நேரத்துக்குச் சம்பளம். முதலாளி என்றே அவரை எல்லோரும் அழைத்தனர், அஞ்சவும் செய்தனர்.

இந்தக் கண்டிப்பைப் போற்றிப் பேசுவது நம் வழக்கம். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் கலைஞருக்குச் சோறு போட்டது. அதே சமயம் அவர் படைத்ததை நிறுவனத்தின் சொத்தாக்கியது. ஒரு பாட்டு ஐம்பது ஆண்டுகள் ஒலித்தாலும் அதைப் பாடியவருக்கு அந்த மாதக் கூலி மட்டுமே. அந்தக் காலத்தில் எங்கும் இதுதான் நடைமுறை என்பது உண்மை. இன்று தன் அறையில் தானே பதிந்து, பதிவின் உரிமையைத் தானே வைத்துக்கொள்ளும் இளைஞர் இந்த ஒரு விஷயத்தில் சின்னப்பாவைவிடப் பேறுபெற்றவர். ஆனால் அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. பக்கத்து அறையில் ஒரு ராமநாதனும் இல்லை.

1956 பொங்கலுக்கு வந்தது ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். கேவாகலர் சுருளில் எடுக்கப்பட்டது. இயக்கம் சுந்தரம், இசை எஸ். தட்சிணாமூர்த்தி, நாயகன் எம்.ஜி.ஆர்., நாயகி பானுமதி. 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் அவருடைய இயக்கத்திலேயே வந்தது. ஒரு மொழியின் முதல் பேசும் படமும் முதல் வண்ணப் படமும், அந்த மொழி பேசப்படாத ஊரில், ஒரே நிறுவனத்திலிருந்து வந்திருக்கின்றன. வேறெங்கும் இப்படி நடந்ததாக என் நினைவில் இல்லை.

இதற்கிடையே தமிழ் சினிமா சென்னைக்குள் குவிந்துகொண்டிருந்தது. காரைக்குடியில் ஸ்டுடியோ நடத்திவந்த ஏவி. மெய்யப்பன் 1948இல் கோடம்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தார். ஜெமினியும் வாகினியும் அங்கே இருந்தன. கோவையில் சென்ட்ரல், பட்சிராஜா ஆகியவை சில காலம் தாக்குப்பிடித்தன. சுந்தரம் நகரவில்லை. மாதச் சம்பள நடிகர்களின் காலம் முடிந்து, ஒரே நேரத்தில் நான்கு படங்களில் நடிக்கும் நட்சத்திரங்களின் காலம் வந்தபோது, சேலம் வெகுதூரம் ஆயிற்று. காலையில் ஒரு தளம், மாலையில் மற்றொரு தளம் என்று ஓடும் நடிகருக்கு 340 கிலோமீட்டர் பயணம் கட்டுபடியாகாது. சேலத்து இயந்திரங்களில் எந்தக் குறையும் இல்லை. மனிதர்களின் நேரம் இயந்திரங்களைவிட விலை கூடிப்போனதுதான் நேர்ந்தது.

1963 ஆகஸ்ட் 30 அன்று, தம் 56ஆம் வயதில் சுந்தரம் மறைந்தார். அவருடைய மகன் இராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக எடுத்தார். ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ ஆகியவை நன்றாகவே ஓடின. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் படத்தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. தளங்கள் இருந்த நிலம் பின்னர் வீட்டுமனைகளாயிற்று.

அந்த ஒலிப்பெருக்கிகள், கலப்பு மேசைகள், ஒலிவாங்கிகள் என்னவாயின என்று கேட்பவர் குறைவு. தமிழ்நாட்டில் மூடப்பட்ட ஸ்டுடியோக்களின் கருவிகள் பெரும்பாலும் இரும்பு விலைக்கே போயின. இன்று அதே வகைக் கருவிகளின் நகல்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து, இறக்குமதித் தீர்வையும் கட்டி, நம் பிள்ளைகள் தம் கணினியோடு இணைக்கிறார்கள். வீட்டு மின்னிணைப்பில் புவித்தொடர்பு சரியாக இல்லாமல் 50 ஹெர்ட்ஸ் முனகல் பதிவுக்குள் புகுந்தால், அதைத் தீர்க்கத் தெரிந்த மூத்த தொழில்நுட்பர் அருகில் இல்லை. ஸ்டுடியோ என்ற நிறுவனம் அழிந்தபோது கருவியோடு அந்தக் கைப்பழக்கமும் போயிற்று. நுழைவாயில் வளைவைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வளைவு பேசாது. எஞ்சியிருக்கும் கருவிகளையும், அவற்றை இயக்கியவர்களின் நினைவுகளையும் ஓரிடத்தில் சேர்த்து, புதியவர்கள் தொட்டுப் பார்க்கவும் இயக்கிப் பழகவும் ஒரு கூடத்தைச் சேலத்தில் அமைக்கலாம். ஒரு பல்கலைக்கழகத் துறைக்குள் அடங்கக்கூடிய செலவுதான்.

அதுவரை, வீட்டில் வெளிக்கருவி வைத்துப் பதிபவர்களுக்கு ஒரு நடைமுறை வேண்டுகோள் மட்டும். கருவியின் வழியே சென்று திரும்பிய ஒலியை அன்றே சாதாரண ஒலிக்கோப்பாகப் பதிந்து, வேறொரு வன்தட்டிலும் வைத்துவிடுங்கள். பத்தாண்டு கழித்து அந்த மென்பொருளின் பழைய கோப்பு திறக்காமல் போகலாம், பெட்டியும் பழுதாகியிருக்கலாம். ‘பாலன்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. ஒரு பாட்டுப் புத்தகமும் சில ஒளிப்படங்களும் இருக்கின்றன. 1937இல் ஏற்காடு சாலையில் அரூர் ஒலிவாங்கிக்கு முன் நின்றபோது அவர் குரல் அந்தப் படத்தில் எப்படிப் பதிவானது என்பதைக் கேட்க இப்போது வழியில்லை.